விசிறி சுற்றியது, படம் வரவில்லை: கொட்டகலையில் ஒரு கம்ப்யூட்டர் பூட்டிய அனுபவம்

அக்கா இரண்டு வருடமாகக் கட்டிவந்த சீட்டு போன மாதம் விழுந்தது. அந்தப் பணத்தில் மகளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குவது என்று முன்பே முடிவு செய்திருந்தார். மருமகள் உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருக்கிறாள். அழைப்பிதழ், போஸ்டர் வடிவமைப்பும் பழகுகிறாள். இதுவரை எல்லாம் என் பழைய லேப்டாப்பில்தான் நடந்தது. மழையிலும் வெயிலிலும் தேயிலைக் கொழுந்து எடுத்துச் சேர்த்த காசு என்பதால், என்னென்ன வாங்குவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நானே எழுதிக் கொடுத்தேன்.

ரைசன் 5 5600ஜி புரொசெசர், பி450 மதர்போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு, 550 வாட் பவர் சப்ளை, ஒரு என்விஎம்இ டிஸ்க். தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் இல்லை, அதனால்தான் கடைசியில் ‘ஜி’ உள்ள புரொசெசர். அந்த எழுத்து இருந்தால் படம் காட்டும் பகுதி புரொசெசருக்குள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். வெறும் 5600இல் அது கிடையாது. இன்டெலில் எண்ணின் கடைசியில் ‘எஃப்’ இருந்தாலும் அதே கதைதான். அப்படிப்பட்ட புரொசெசரைப் போட்டுவிட்டு மதர்போர்டின் எச்டிஎம்ஐ துளையில் கேபிளைச் செருகினால் எத்தனை நாள் காத்திருந்தாலும் படம் வராது. இதை வாங்கும்போதே பார்த்துவிட்டேன். நான் பார்க்காமல் விட்டது வேறொன்று.

சனிக்கிழமை காலை அக்கா வீட்டு முன்னறையில் மேசை மீது பேப்பரை விரித்து வேலையைத் தொடங்கினோம். பூட்டியது முழுக்க மருமகள்தான், நான் பக்கத்தில் இருந்து சொன்னேன். பதினொன்றரைக்கு முடிந்தது. டிஷ் பெட்டியில் இருந்த எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றி கம்ப்யூட்டரையும் டிவியையும் இணைத்து, சுவிட்சை அமுக்கினாள். விசிறி மூன்றும் சுற்றின. மதர்போர்டில் வெளிச்சம் வந்தது. டிவியில் ‘நோ சிக்னல்’.

புதிதாகப் பூட்டிய மெஷின் முதல் தடவை ரேமைச் சோதித்துப் பழகக் கொஞ்ச நேரம் எடுக்கும். எங்களுடையது போல டிடிஆர்4 வகை ரேம் என்றால் அரை நிமிடம், ஒரு நிமிடம். புதிய டிடிஆர்5 வகை என்றால் சில நிமிடங்கள்கூட ஆகும். அதனால் பதறிப் போய் உடனே கரண்டைப் பிடுங்கக் கூடாது. பத்து நிமிடம் பார்த்தோம். அக்கா அடுப்படியில் இருந்து இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். அவர் கேட்காமல் போனதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

இந்த நிலையில் முதலில் பதில் தேட வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குத்தான். படம் மட்டும் வரவில்லையா, கம்ப்யூட்டரே ஓடவில்லையா? திரை கறுப்பாக இருப்பது இரண்டிலும் ஒன்றுபோலவே இருக்கும். விசிறி சுற்றுவதை நம்பக் கூடாது. விசிறிக்கு 12 வோல்ட் போனால் போதும், புரொசெசர் உள்ளே ஒரு வரியும் வாசித்திருக்க வேண்டியதில்லை. நான் பார்ப்பது கீபோர்டை. நம்லொக் பட்டனை அமுக்க அமுக்க விளக்கு எரிந்து அணைந்தால் பயாஸ், அதாவது மெஷினை எழுப்ப மதர்போர்டிலேயே எழுதிவைத்த மென்பொருள், ஓடுகிறது. கோளாறு படம் போகும் வழியில்தான். கேபிள், மொனிட்டர், கிராபிக்ஸ் என்று அந்தப் பக்கம் தேடலாம். விளக்கு அசையவே இல்லை என்றால் மெஷின் இன்னும் கண் விழிக்கவில்லை. அப்போது கேபிளை மாற்றி மாற்றிச் செருகுவது வீண்வேலை.

எங்கள் கீபோர்டில் விளக்கு அசையவில்லை.

மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் உண்டு. சிபியூ (புரொசெசர்), டிராம் (ரேம்), விஜிஏ (படம்), பூட் (டிஸ்க்) என்று பக்கத்தில் எழுதியிருக்கும். மெஷின் எழும்பும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும், எங்கே நிற்கிறதோ அங்கேதான் பிரச்சினை. எங்களுடையது முதல் விளக்கிலேயே, சிபியூவிலேயே நின்றது. ஆனால் அந்த விளக்கு எரிகிறது என்பதற்காகப் புரொசெசர் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்குக் கரண்ட் போகாவிட்டாலும் அதுதான் எரியும், சொக்கெட்டில் ஒரு பின் வளைந்தாலும் அதுதான்.

சரி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று தொடங்கினேன். முதலில் எல்லாவற்றையும் கேஸிலிருந்து கழற்றி, மதர்போர்ட் வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்தோம். கேஸுக்குள் தேவையில்லாத இடத்தில் ஒரு பித்தளைக் கால் இருந்தாலும் பலகையின் அடிப்பக்கம் உரசி ஷோர்ட் ஆகலாம். அட்டை மேல் வைத்தால் அந்தச் சந்தேகம் போய்விடும். புரொசெசர், கூலர், ஒரே ஒரு ரேம், பவர் சப்ளை. டிஸ்க்கும் வேண்டாம். பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டால் மெஷின் ஓன் ஆகும். மருமகள் தொட்டாள். அதே விளக்கு.

அப்புறம் புரொசெசருக்கான எட்டுக் கால் இணைப்பைப் பார்த்தேன். பவர் சப்ளையில் எட்டுக் கால் உள்ள வயர் இரண்டு வகை உண்டு. நான்கும் நான்குமாகப் பிரிவது புரொசெசருக்கு, ஆறும் இரண்டுமாகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கு. பலர் இங்கே தடுமாறுவார்கள். மருமகள் சரியாகத்தான் செருகியிருந்தாள். மஞ்சள் வயரில் மீட்டர் வைத்தால் 12.1 வோல்ட். பவர் சப்ளை மேல் குற்றமில்லை.

எனக்கு வழி காட்டியது அடுத்த சோதனைதான். இருந்த ஒரு ரேமையும் கழற்றிவிட்டு ஓன் செய்தோம். ரேம் இல்லாவிட்டால் ஒரு நல்ல மெஷின் கட்டாயம் புகார் சொல்ல வேண்டும். டிராம் விளக்குக்கு நகர வேண்டும், சின்ன ஸ்பீக்கர் பூட்டியிருந்தால் பீப் அடிக்க வேண்டும். இது ஒன்றுமே சொல்லவில்லை. ரேம் இருந்தபோது எங்கே நின்றதோ அங்கேயேதான் நின்றது. அப்படியென்றால் ரேம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் கட்டத்துக்கே புரொசெசர் வரவில்லை. ரேமைத் துடைப்பது, இடம் மாற்றுவது, வேறு ரேம் கடன் வாங்குவது என்று நான் மனதில் வைத்திருந்த பாதி வேலை அந்த ஒரு நிமிடத்தில் தேவையற்றதாகிவிட்டது.

பிளக்கைக் கழற்றிவிட்டு, பயாஸ் அமைப்புகள் அழியும்படி மதர்போர்டின் வட்ட பேட்டரியை எடுத்துப் பத்து நிமிடம் வைத்துப் போட்டோம். மாற்றமில்லை. புரொசெசரைத் தூக்கி, அதன் அடியிலுள்ள 1331 பின்களையும் போன் கமராவில் பெருக்கிப் பார்த்தோம். வரிசை வரிசையாக, நிரை பிடித்த தேயிலை மாதிரி நேராக நின்றன.

இந்தச் சோதனைகளுக்கு நடுவில்தான் பவர் சப்ளையின் இரும்புப் பெட்டியைத் தொட்டபோது விரலில் மெல்லிய சுருக்கென்ற உணர்வு வந்தது. மருமகளும் சொன்னாள், “மாமா, கூசுது.” இதைத் தோட்டத்து வீடுகளில் நான் பல தடவை பார்த்திருக்கிறேன். உருண்டைப் பின் சொக்கெட்டில் எர்த் துளை இருக்கும், ஆனால் பின்னால் எர்த் வயர் வந்திருக்காது. கம்ப்யூட்டர் பவர் சப்ளையின் உள்ளே, வரும் கரண்டைச் சுத்தம் செய்யும் சின்னக் கப்பாசிட்டர்கள் அந்தப் பெட்டியோடும் அதன் வழியாகக் கேஸோடும் இணைந்திருக்கும். எர்த் இல்லாதபோது அவற்றின் வழியாக 230 வோல்ட்டில் பாதி அளவு கேஸில் வந்து நிற்கும். கரண்டின் அளவு மிகச் சிறியது என்பதால் ஆளை அடிக்காது, கூசும். ஆனால் அந்த நிலையில் எச்டிஎம்ஐ கேபிளைச் செருகினால் டிவியின் போர்ட்டோ மதர்போர்டின் போர்ட்டோ பழுதாகலாம். அதனால் கேபிளை முதலில் செருகி, பிளக்கைக் கடைசியில் போடும்படி மருமகளிடம் சொல்லிவைத்தேன்.

சாப்பிட்ட பிறகு பலகையைச் சும்மா திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய பவர் இணைப்புக்குப் பக்கத்தில் நகத்தளவு வெள்ளை ஸ்டிக்கர், அதில் ஒரு எண். காலையிலும் கண்ணில் பட்டதுதான், ஆனால் வாசிக்கவில்லை. அது பயாஸின் பதிப்பு எண். போனை எடுத்துக்கொண்டு சிக்னல் வரும் ரோட்டோரத்துக்குப் போய், அந்த மதர்போர்ட் எந்தெந்தப் புரொசெசரை ஏற்கும் என்ற பட்டியலைத் திறந்தேன். 5600ஜிக்கு நேரே 2021இல் வந்த பதிப்பு எண் இருந்தது. எங்கள் ஸ்டிக்கரில் இருந்ததோ 2019 பதிப்பு.

பி450 பலகைகள் 2018இல் வந்தவை, 5600ஜி கடைக்கு வந்தது 2021இல். இரண்டுக்கும் சொக்கெட் ஒன்றுதான், ஏஎம்4. கையால் வைத்தால் அழகாக உட்காரும். ஆனால் பலகையில் எழுதிவைத்த பயாஸ் அந்தப் புரொசெசர் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது, அதற்கு இதைத் தெரியாது. பூட்டுக்குச் சாவி நுழைகிறது, திரும்பவில்லை. பொருளில் ஒரு குறையும் இல்லை.

கடைக்குப் போன் செய்தேன். எடுத்த தம்பி மரியாதையாகவே பேசினார். “சொக்கெட் ஒன்னுதானே அண்ணே, வேல செய்யணும்” என்றார் முதலில். பதிப்பு எண்ணைச் சொன்னதும் பழைய ஸ்டொக் என்று ஒத்துக்கொண்டார், கொழும்புக்குக் கொண்டுவந்தால் காசு வாங்காமல் அப்டேட் செய்து தருவதாகவும் சொன்னார். கொட்டகலையிலிருந்து பலகையைத் தூக்கிக்கொண்டு கொழும்பு போய்த் திரும்ப ஒரு நாள் சம்பளமும் பயணக் காசும் வேண்டும். மதர்போர்டையும் புரொசெசரையும் ஒரே பில்லில் விற்கும் கடை, கட்டிக் கொடுக்கும் முன் பதிப்பு எண்ணைப் பார்த்திருக்க வேண்டும். மலையகத்துக்குப் போகும் பொருள் என்றால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். இதை அவரிடமும் சொன்னேன்.

சில பலகைகளின் பின்பக்கம் ஒரு சின்னப் பட்டன் இருக்கும். புரொசெசர் இல்லாமலே, பென் டிரைவைச் செருகி அதை அமுக்கினால் பயாஸ் மாறிவிடும். எங்கள் பலகையில் அது இல்லை. இருந்திருந்தால் வேலை அன்று மாலையே முடிந்திருக்கும். பழைய பலகையும் புதிய புரொசெசரும் சேர்த்து வாங்குகிறவர்கள் அந்தப் பட்டன் உள்ளதையே தேடி வாங்குங்கள்.

மிச்சம் இருந்த வழி, பழைய பயாஸுக்குத் தெரிந்த ஒரு புரொசெசரைக் கடன் வாங்குவது. ஹட்டனில் கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஆல்பம் வேலைக்கு ஒரு ரைசன் 3 2200ஜி மெஷின் வைத்திருக்கிறார். அது 2018இல் வந்த புரொசெசர், ‘ஜி’யும் உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் மெஷினின் புரொசெசரைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்பது லேசான விஷயமில்லை. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஞாயித்துக்கெழம மத்தியானம் கடைய சாத்துன பொறகு வாங்க தம்பி. பாத்து கழட்டணும், திங்கக்கெழம ஒரு கல்யாண ஆல்பம் குடுக்கணும்” என்றார்.

ஞாயிறு நல்ல மழை. பலகையை அதன் சாம்பல் நிற ஆன்டி ஸ்டேட்டிக் பையில் போட்டு, மேலே இரண்டு பொலித்தீன் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு போனோம். கடைக்குள் போனதும் பையைத் திறக்கவில்லை. குளிரிலிருந்து வந்த பொருளைச் சூடான அறையில் உடனே திறந்தால் மேலே ஈரம் கோக்கும். அரை மணி நேரம் அப்படியே கிடக்கட்டும் என்று விட்டோம்.

அந்த அரை மணி நேரம் வேறொரு காரணத்துக்கும் தேவைப்பட்டது. ஏஎம்4இல் பின்கள் புரொசெசரின் அடியில் இருக்கும். சொக்கெட்டின் நெம்புகோல் அவற்றை இறுக்கிப் பிடித்திருந்தாலும், மேலே கூலருக்கும் புரொசெசருக்கும் நடுவில் உள்ள தெர்மல் பேஸ்ட் வருடக்கணக்கில் காய்ந்து பசை மாதிரி பிடித்திருக்கும். கூலரை நேராக மேலே இழுத்தால் பூட்டிய சொக்கெட்டிலிருந்து புரொசெசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். ஹட்டன் குளிரில் பேஸ்ட் இன்னும் இறுகியிருக்கும். ஆகவே அண்ணனின் மெஷினை ஓடவிட்டு, ஒரு நீளமான வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றக் கொடுத்து, நன்றாகச் சூடேற்றினோம். புரொசெசரைக் கழற்றினால் தடை போடக்கூடிய விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு டிஸ்க்கில் இருக்கிறதா என்று மறக்காமல் பார்த்தேன். இல்லை. பிறகு நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, கூலரின் கொக்கியை விடுவித்தேன்.

கூலரை மேலே இழுக்காமல், போத்தல் மூடியைத் திருகுவது போல இடப்பக்கம் ஒரு நூலளவு, வலப்பக்கம் ஒரு நூலளவு என்று திருப்பினேன். முதலில் அசையவே இல்லை. நான்காவதோ ஐந்தாவதோ தடவையில் உள்ளே ‘கிர்’ரென்று மெல்லிய ஓசை, பிடி விட்டது. கூலர் மட்டும் கையோடு வந்தது, புரொசெசர் சொக்கெட்டிலேயே இருந்தது. அண்ணன் அதுவரை பிடித்திருந்த மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பு மாதிரி இருந்தது. பார்மசியில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைத்தாள் மருமகள். அதன் பிறகு நெம்புகோலைத் தூக்கி, மூலையிலுள்ள சின்னத் தங்க முக்கோணத்தைப் பார்த்து, 2200ஜியை எங்கள் பலகையில் வைத்தோம். அழுத்தத் தேவையில்லை, தன் எடையிலேயே இறங்கிவிடும். இறங்கவில்லை என்றால் ஏதோ தவறு, நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஓன் செய்ததும் சிபியூ விளக்கு எரிந்து அணைந்தது. டிராம், விஜிஏ. அண்ணனின் மொனிட்டரில் மதர்போர்டின் படம் வந்தது. மருமகள் கையைத் தட்டிவிட்டாள்.

பயாஸ் எழுதும்போது கரண்ட் போனால் பலகை அதோடு சரி, வீட்டில் வைத்துத் திருத்த முடியாது. அன்று மத்தியானத்திலிருந்து விளக்கு இரண்டு தடவை மங்கி வந்திருந்தது. மழைக்கு எங்காவது மரக்கிளை லைனில் விழுவது எங்கள் பக்கம் புதிதல்ல. 2022 மின்வெட்டுக் காலத்தில் அண்ணன் வாங்கிய யூபிஎஸ் ஒன்று கடையில் இருந்தது. அதை நம்பும் முன், மெஷின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போதே யூபிஎஸ்ஸின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி ஆறு நிமிடம் தாங்குகிறதா என்று பார்த்தோம். தாங்கியது. பேட்டரி கிழடாகியிருந்தால் தேவையான நேரத்தில் கைவிட்டுவிடும், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

எஃப்ஏடி32 முறையில் ஃபோர்மட் செய்த பென் டிரைவில் இரண்டு பதிப்புகளை இறக்கிவைத்திருந்தேன். எங்கள் பலகைக்குப் பழைய பதிப்பிலிருந்து கடைசிப் பதிப்புக்கு நேராகப் போக முடியாது, நடுவில் ஒன்றை முதலில் எழுத வேண்டும் என்று தயாரிப்பாளரின் குறிப்பில் இருந்தது. அந்தக் குறிப்பை முழுதாக வாசிப்பது முக்கியம். பழைய பலகைகள் பலவற்றில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பிதான், புதிய புரொசெசர்களுக்கு இடம் விடச் சில பழையவற்றை நீக்கிவிடுவார்கள். கடன் வாங்கிய புரொசெசர் அந்த நீக்கிய பட்டியலில் இருந்தால் அப்டேட் முடிந்ததும் அது எழும்பாது. 2200ஜி கடைசிப் பதிப்பிலும் இருக்கிறது என்று முந்தின நாளே பார்த்துவைத்திருந்தேன்.

முதல் பதிப்பை எழுத மூன்று நிமிடம், இரண்டாவதுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். கோடு நிறைந்துகொண்டு போகும்வரை மூன்று பேரும் பேசவில்லை, தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்தான். கரண்ட் போகவில்லை.

2200ஜியைத் திரும்ப அதன் இடத்தில் வைத்து, புதுப் பேஸ்ட் போட்டு, அண்ணனின் மெஷின் பழையபடி ஆல்பத்தைத் திறப்பதைப் பார்த்த பிறகுதான் எங்கள் 5600ஜியைப் பூட்டினோம். அரை நிமிடம் கறுப்பு. பிறகு புதிய சிபியூ பூட்டப்பட்டிருக்கிறது, பழைய பாதுகாப்புப் பதிவை அழிக்கவா வேண்டாமா என்று கேட்கும் ஒரு ஆங்கில வாசகம். இதைக் கண்டு பலர் பயந்து அணைத்துவிடுகிறார்கள். புது மெஷினில் இழக்க ஒன்றும் இல்லை, ‘ஒய்’ அமுக்கினால் போதும். அமுக்கினோம், பயாஸ் திறந்தது, 5600ஜியின் பெயர் அதில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கேஸில் பூட்டி, மருமகள் படிக்கும் மேசையில் வைத்து, அவளுக்கென்று கிடைத்த பழைய மொனிட்டரில் இணைத்தோம். ‘நோ சிக்னல்’. அக்காவின் முகம் மாறிவிட்டது. மருமகள் ஒன்றும் பேசாமல் குனிந்து நம்லொக்கை அமுக்கினாள். விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. “மாமா, ஓடுது. படம் மட்டுந்தான் வரல” என்றாள்.

அவள் சொன்னது சரி. டிவியில் போட்டால் படம் வந்தது. கோளாறு கேபிளில். மொனிட்டரில் இருப்பது பழைய விஜிஏ துளை மட்டும். ஒரு பக்கம் எச்டிஎம்ஐ, மறுபக்கம் விஜிஏ உள்ள ஒரு கேபிளை மருமகள் டவுனில் வாங்கியிருந்தாள். இரண்டு தலையும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. ஆனால் எச்டிஎம்ஐயில் வருவது டிஜிட்டல், விஜிஏ கேட்பது அனலொக். நடுவில் மாற்றிக் கொடுக்க ஒரு சிப் இல்லாமல் வெறும் கம்பியால் அது நடக்காது. பலகையில் இருந்த டிவிஐ துளையும் டிஜிட்டல் மட்டும் தரும் டிவிஐ-டி வகை, அதிலும் இதே நிலைதான். சிப் உள்ள கொன்வெர்ட்டர், சின்னப் பெட்டி மாதிரித் தடித்த தலையோடு இருப்பது, மறுநாள் ஹட்டனில் வாங்கி வந்தேன். செருகியதும் படம் வந்தது.

இரவே விண்டோஸ் ஏற்றினோம். ரேம் முதலில் 2133இல் ஓடிக்கொண்டிருந்தது, பயாஸில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதற்குரிய முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பை, போட்டதும் 3200க்கு வந்தது. புரொசெசருக்குள்ளேயே கிராபிக்ஸ் உள்ள மெஷினில் படத்துக்கும் அந்த ரேம்தான் பயன்படுகிறது என்பதால் இதைச் செய்யாமல் விடக் கூடாது. பயாஸ் பதிப்பு எண்ணையும் தேதியையும் மார்க்கரால் கேஸின் உள்பக்கம் எழுதச் சொன்னேன். அதன் கீழே, யாருடைய புரொசெசரால் இது எழும்பியது என்று அண்ணனின் கடைப் பெயரையும் அவளே எழுதினாள்.

கூசுவது மட்டும் இன்னும் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை வயரிங் செய்பவர் வந்து எர்த் கம்பி அடித்து, மேசைப் பக்கம் 13 அம்பியர் சொக்கெட் ஒன்று போட்டுத் தருவார். அதுவரை செருப்புப் போட்டுக்கொண்டுதான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வேண்டும் என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.